சும்மா எரியும் விளக்கு

லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தால், அக்கா முதலில் பார்ப்பது அதில் எரியும் விளக்குகளைத்தான். மூடியின் முதுகில் ஒளிரும் சின்னம், ஓரத்தில் மினுக்கும் வெள்ளைப் புள்ளி, விசைகளுக்கு அடியில் வானவில் மாதிரி ஓடும் நிறங்கள். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, கொண்டுவந்த ஆளிடம் கேட்பார்.

"இது என்ன சொல்லுது?"

பெரும்பாலும் பதில் வராது. "அது சும்மா எரியுதுக்கா" என்பார்கள். அக்காவுக்கு அந்தச் 'சும்மா' ஆகாது.

"சும்மா எரியுததுக்கு விளக்கு எதுக்கு? ஒண்ணு ஏதாவது சொல்லணும். இல்லன்னா அணைஞ்சு கிடக்கணும்."

இதைக் கோபமாகச் சொல்ல மாட்டார். சோற்றில் உப்பு குறைந்ததைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு வேலையில் இறங்கிவிடுவார்.

அவர் கடை பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. ஒற்றை அறை. ஒரு நீள மேசை, அதன் மேல் ஒரு ரப்பர் விரிப்பு, சின்னச் சின்னத் திருகாணிகள் போட்டுவைக்க இட்லித் தட்டு ஒன்று. எந்தக் குழியில் எந்த லேப்டாப்பின் எந்தப் பக்கத்துத் திருகாணி கிடக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்திச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விடுவார், கடை கிடையாது. பெண் ஒருத்தர் லேப்டாப்பைப் பிரித்து மாட்டுகிறார் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட உண்டு. அவர்களையும் உட்காரச் சொல்லி, அவர்கள் கைப்பேசியில் மினுக்கும் விளக்கைக் காட்டி, அது என்ன சொல்லுது என்று கேட்டுவிடுவார்.

எனக்கு அவரைத் தெரியவந்தது என் லேப்டாப் சிவந்துபோன அன்று.

நான் தச்சநல்லூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கோப்பது என் வேலை. அதற்கு வலுவான லேப்டாப் வேண்டும். கடையில் வலுவானதாகக் கிடைப்பதோ விளையாடுகிற பிள்ளைகளுக்காகச் செய்த கேமிங் லேப்டாப்தான். எங்கள் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். அவர் அப்படி இரண்டு வாங்கிவந்தார். ஒன்று எனக்கு, இன்னொன்று ஆல்பம் வடிவமைக்கும் செல்விக்கு. முதலில் போட்டுப் பார்த்தபோது விசைப்பலகை முழுக்கப் பச்சையும் ஊதாவும் சுற்றிச் சுற்றி ஓடின. அண்ணாச்சி இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"என்னவே இது, கோயில் கொடைக்குச் சீரியல் செட் போட்ட மாதிரி இருக்கு."

விளக்கோடு கூடவே ஒரு மென்பொருளும் அதில் வந்திருந்தது. விசிறியின் வேகம், விளக்கின் நிறம், மின்சாரச் செலவு எல்லாவற்றையும் அதிலிருந்து மாற்றலாம். கம்பெனிக்காரரே உள்ளே போட்டு அனுப்பியது. நாங்கள் அதைத் திறந்ததே இல்லை. அது மட்டும் தினமும் காலையில் தானாகத் திறந்துகொண்டு ஏதாவது சொல்லும், படிக்காமல் மூடுவோம்.

ஆறேழு மாதம் போன பின் ஒரு நாள், ஒரு கல்யாணத்தின் தாலி கட்டும் காட்சியை வெட்டிக்கொண்டிருந்தபோது, நிறங்கள் எல்லாம் போய் விசைப்பலகை முழுவதும் ஒரே சிவப்பாகிவிட்டது. அணைத்துப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி சிவப்பு. ஜங்ஷனில் ஒரு கடையில் காட்டினேன். மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். இன்னொரு கடையில், கம்பெனி போட்டு அனுப்பிய அந்த மென்பொருளை அழித்தால் எல்லாம் சரியாகும் என்றார்கள். அழித்துத் தரச் சொல்லித்தான் அக்காவிடம் போனேன்.

"அழிக்கது ஒரு நிமிஷ வேலை தம்பி" என்றார் அக்கா. "கொடுத்தவன் எதையோ நினைச்சுத்தான் கொடுத்திருப்பான். அவன் என்ன நினைச்சான்னு பாத்துட்டு அழிப்போம்."

பிறகு ஒரு மணி நேரம் அந்த மென்பொருளை வாசித்தார். ஒரு பக்கம் விடாமல். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்துப் பழைய நிலைக்கே கொண்டுவந்து வைத்தார். நான் ஜன்னல் வழியாகக் கீழே போகும் பேருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இங்கன வாங்க" என்றார். "லைட்டுல இப்படி ஒரு முறை இருக்கு. உள்ள குளுமையா இருந்தா நீலம், கொதிச்சா சிவப்பு. நீங்க இதை மூடும்போது கை தவறி அதைத் தொட்டிருக்கீங்க. அதுல இருந்து அது பாவம், சுடுது சுடுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. நீங்க அது வாயை அடைக்கணும்னு மூணு கடை ஏறி இறங்கியிருக்கீங்க."

பின்மூடியைக் கழற்றினார். விசிறியின் இதழ்களுக்கு இடையே வெள்ளையாக அடைந்திருந்தது. ராத்திரி வீட்டில் லேப்டாப்பைத் தலையணையில் வைத்து வேலை பார்க்கிறவன் நான், அந்தப் பஞ்சுதான். இடுக்கியால் இழுத்து, அந்தப் பஞ்சுக் கட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். மூடியை மாட்டி ஓடவிட்டதும் சிவப்பு ஆரஞ்சாகி, பச்சையாகி, காபி குடித்து முடிப்பதற்குள் நீலமாகிவிட்டது. அக்கா அந்த நீலத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் இறங்கிய பிள்ளையின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கும் தாயின் முகம் அப்படித்தான் இருக்கும்.

அதற்குப் பின் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி வேலையாகப் போகும்போதெல்லாம் அவர் கடைக்கு ஏறிப்போவேன். வேலை இல்லாமலும் போயிருக்கிறேன்.

விளக்கின் மேல் அவருக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று ஒரு தடவை கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தாராம். நீள நீளமான இயந்திரங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விளக்கு. நூல் அறுந்தால் சிவப்பு, நூற்கண்டு தீர்ந்தால் மஞ்சள். இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. விளக்கைப் பார்த்துத்தான் ஓட வேண்டும்.

"ஒரு மிஷினுல லைட்டு சும்மா சும்மா எரியும் தம்பி. ஓடிப்போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது. ரெண்டு தடவை ஓடுனேன், மூணாவது தடவை போகல. அன்னைக்கு நெசமாவே அறுந்து கிடந்திருக்கு. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் நிக்கவச்சுப் பேசிட்டாரு. பொய் சொல்லுத லைட்டுகூடப் பரவாயில்ல, ஒண்ணுமே சொல்லாம எரியுது பாருங்க, அதுதான் ஆளைக் கெடுக்கது. அதைப் பாத்துப் பாத்து, நெசமான லைட்டையும் நாம பாக்காம விட்டுருவோம்."

லேப்டாப்போடு வருகிற மென்பொருள்களுக்கு அவர் பெயர் வைத்திருந்தார். தினமும் எழுந்து வந்து புதுப்பிக்கச் சொல்வது 'சந்தா கேக்க வாரவர்'. எதைச் செய்தாலும் நடுவில் வந்து உதவட்டுமா என்பது 'வாயாடி'. வாசித்துப் பார்த்து, உருப்படியாக ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் தயவே காட்ட மாட்டார். "போயிட்டு வாரும்" என்று சொல்லிவிட்டு அழிப்பார். ஆனால் வாசிக்காமல் எதையும் அழித்து நான் பார்த்ததில்லை.

அவர் செய்துகொடுத்ததில் ஊரே பேசியது போதகர் ஐயரின் லேப்டாப்பைத்தான். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றும் சர்ச்சைக் கோயில் என்றும்தான் சொல்வோம். அவர் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு கேமிங் லேப்டாப் அனுப்பியிருந்தான். பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவதற்காக ஐயர் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஜெப நேரத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, பிரசங்க மேடையில் மட்டும் ஊதாவும் ரோஸும் அலையலையாக ஓட, முன்வரிசைப் பிள்ளைகள் கண்ணைத் திறந்து சிரித்துவிட்டார்கள். ஐயர் மறுநாளே கடையில் வந்து நின்றார்.

"இதை மொத்தமா அணைச்சிரும்மா. எனக்கு வெக்கமா இருக்கு."

அக்கா பார்த்தார். அந்த விசைப்பலகை நாலு பத்தியாகப் பிரிந்து எரியும் வகை. ஒவ்வொரு பத்திக்கும் தனி நிறம் கொடுக்கலாம். "அணைச்சிருதேன் ஐயா. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன். இப்ப உங்களுக்குத் தெரியாம இருக்கதுல எது தெரிஞ்சா நல்லா இருக்கும்?"

ஐயர் யோசித்தார். "பிரசங்கத்துல நேரம் தெரியல. கடியாரம் எனக்குப் பின்னால இருக்கு. திரும்பிப் பாத்தா நல்லா இருக்காதுல்லா."

அடுத்த ஞாயிறு ஐயர் பேச ஆரம்பித்தபோது நாலு பத்தியும் வெள்ளையாக எரிந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அணைந்துகொண்டே வந்தன. அக்கா எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. மேடைக்குப் பின்னால் நின்ற பாடகர் குழுவுக்கும் அந்த வெளிச்சம் தெரிந்தது. கடைசிப் பத்தி அணைந்ததும் அவர்கள் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்கள். ஐயருக்கு முடிப்பதைத் தவிர வழியில்லை. திங்கட்கிழமை கடைக்கு வந்தார்.

"நீ எனக்கு உதவி செஞ்சியா, சபைக்கு உதவி செஞ்சியா?"

"ரெண்டுக்குந்தான் ஐயா."

ஐயர் சிரித்துவிட்டார். அதை எடுக்கச் சொல்லவில்லை.

இப்படியே எல்லாம் நல்லதாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். என்ஜினீயரிங் படிக்கிற பெண் ஒருத்தி சார்ஜ் ஏறவில்லை என்று லேப்டாப் கொடுத்திருந்தாள். அக்கா அதைச் சரிசெய்ததோடு நிற்காமல், ஓடிக்கொண்டிருந்த வானவில்லையும் நிறுத்திவிட்டார். அந்தப் பெண் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"லைட்டு எங்கக்கா?"

"அது சும்மாதானம்மா எரியுது. எதுக்கு?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கு சரி. எதுக்குன்னு கேக்கேன்."

அந்தப் பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அக்கா விடவில்லை, சண்டை போடவும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் கண் கலங்கி, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"பிடிச்சிருக்குன்னு சொல்லுதது ஒரு பதிலா தம்பி?" என்று கேட்டார்.

"பதில்தானக்கா" என்றேன்.

அவர் இட்லித் தட்டை இழுத்துத் திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அவர் மனதில் அது கிடந்து உறுத்தியது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் மறுபடி வருவாளா என்று இரண்டு மூன்று தடவை மாடிப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவள் வரவில்லை.

செல்வியின் விஷயம் வந்தது அதற்குப் பிறகுதான்.

செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் படித்தவள். நாலு வருடமாக என் பக்கத்து நாற்காலி. கல்யாண ஆல்பத்தில் முகங்களைக் கோப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. எந்த அத்தை எந்தச் சித்தப்பாவோடு பேசுவதில்லை என்பதைப் புகைப்படங்களைப் பார்த்தே கண்டுபிடித்து, ஒரே பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்வாள். அவளோடு பேச நானும் கொஞ்சம் கைமொழி கற்றிருந்தேன். போதாத இடத்தில் திரையில் எழுதிக்கொள்வோம்.

ஒரு முகூர்த்த நாளில் நானும் அண்ணாச்சியும் திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போய்விட்டோம். ஸ்டுடியோவில் செல்வி மட்டும். கவுண்டருக்குப் பின்னால் பலகைத் தடுப்பு. அதற்குப் பின்னால் நாங்கள் வேலை பார்க்கும் அறை. அவள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா வந்திருக்கிறார். அன்று சாயங்காலம் வரவேற்பில் திரையில் ஓட்டவேண்டிய வீடியோ தயாராக எங்கள் மேசையில் இருந்தது. அவர் பெல்லை அடித்தார். கூப்பிட்டார். கண்ணாடியைத் தட்டினார். அரைமணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டு, உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்து, ஆள் இருந்துகொண்டே மதிக்கவில்லை என்று நினைத்து, வெறுங்கையோடு போய்விட்டார். வரவேற்பில் வெள்ளைத் திரையை மட்டும் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

அண்ணாச்சி நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வந்து என்னிடம் சொன்னார்.

"அந்தப் பிள்ளையை வீட்டுல இருந்தே வேலை பாக்கச் சொல்லிருவோம்லே. எனக்கும் மனசு கேக்கல. ஆனா கடைன்னு ஒண்ணு இருக்குல்லா."

செல்வியின் வீடு ஒரே அறை. ஆறு பேர். கைமொழி தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. வீட்டிலிருந்து வேலை என்றால் அவளுக்கு அது வேலை போன மாதிரிதான். நான் அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை. பாதியில் இருந்த ஆல்பத்தின் பக்கத்துக்குத் திரும்பி, ஒரு மணமகளின் நெற்றிச்சுட்டியை ரொம்ப நேரம் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பெல்லோடு ஒரு பல்பை இணைத்துப் பார்த்தோம். பெல் அடித்தால் அவள் முன்னால் பல்பு எரியும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் யார் பெல் அடிக்கிறார்கள்? "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார்கள், கையைத் தட்டுவார்கள், செருமுவார்கள். பல்புக்கு அதெல்லாம் தெரியாது. அதன் பிறகுதான் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

கடையை விட்டு வேலைக்கு வெளியே போகாதவர், மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தச்சநல்லூருக்குப் பேருந்தில் வந்துவிட்டார். என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் எழுதிக் கேட்டார். 'உனக்கு என்ன தெரியணும்?'

செல்வி எழுதினாள். 'யாராவது வந்தால் தெரியணும்.'

அக்கா அவள் லேப்டாப்போடு வந்த மென்பொருளைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார். விளக்குகளுக்கான பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. ஒரே நிறம், மூச்சு விடுவது போல் மங்கி எரிவது, அலை. கடைசியில், பாட்டுக்குத் தகுந்தபடி ஆடுவது. அக்கா இதுவரை எத்தனையோ லேப்டாப்பில் ஏளனமாகச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போன இடம் அது. அன்று தாண்டாமல் அங்கேயே நின்றார்.

"தம்பி, இது எந்தச் சத்தத்தைக் கேட்டு ஆடும்?"

"லேப்டாப்புல ஓடுத பாட்டைக் கேட்டுக்கா."

"பாட்டுக்குப் பதிலா நம்ம சத்தத்தைக் கொடுத்தா?"

கல்யாண ஸ்டுடியோவில் சட்டையில் குத்தும் மைக்குக்கா பஞ்சம்? ஒன்றை எடுத்துப் பலகைத் தடுப்பின் மேல் கட்டினார். அதில் விழும் சத்தம் லேப்டாப்பில் ஓடும் பாட்டு மாதிரி உள்ளே போகும்படி செய்தார். அது வெளியே கேட்டுவிடாமல் இருக்க ஒரு பழைய ஹெட்போனை மாட்டி, அதை மேசை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"போய் வாசல்ல நின்னு கூப்பிடுங்க" என்றார்.

நான் வெளியே போய், "செல்வி" என்றேன். நாலு வருடத்தில் அவள் பெயரை நான் வாய்விட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே விசைப்பலகை பச்சையாகப் பொங்கி அடங்கியதாம். அவள் திரும்பி, தடுப்புக்கு மேலே எட்டி என்னைப் பார்த்தாள். அண்ணாச்சி கையைத் தட்டினார். திரும்பினாள். செருமினார். திரும்பினாள். பிறகு அண்ணாச்சி போய் நாலு காபி வாங்கிக்கொண்டு வந்தார்.

அக்காவுக்கு மட்டும் திருப்தியில்லை. "பஸ் ஹாரனுக்கும் ஆடுது, நாய்க்கும் ஆடுது. எல்லாத்துக்கும் ஆடினா அப்புறம் இந்தப் பிள்ளை அதைப் பாக்கதையே விட்டுரும்" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே எழுதிய சின்ன நிரல் ஒன்றோடு வந்தார். கவுண்டர் மேசைக்கு அடியில் தனி மைக் ஒன்றை ஒட்டினார். அங்கே ஆள் வந்து சத்தம் கொடுத்தால் மட்டும் விசைப்பலகை சிவப்பாகும். மற்ற நேரம் இருட்டு. ஒரு விளக்கு, ஒரு செய்தி. பார்க்க அழகாக, கச்சிதமாக இருந்தது.

அடுத்த நாள் செல்வி எனக்குக் கைகாட்டிச் சொன்னாள். அந்த அக்காவை வரச் சொல். பழையதே வேண்டும்.

அக்கா வந்தார். உட்கார்ந்து எழுதினார். 'எதுக்கு?'

எனக்கு அந்த என்ஜினீயரிங் பெண்ணின் ஞாபகம் வந்தது. செல்வி ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைத் திறந்து காட்டினாள்.

'பதினொரு மணி பஸ் மற்ற பஸ்ஸை விடச் சத்தம் போடுகிறது. அண்ணாச்சி வருவதற்கு முன்னால் அவர் செருப்பு வருகிறது. நேற்று முன்தினம் மழை. எல்லா விசையும் நிற்காமல் நடுங்கியது. தகரத்தில் மழை இவ்வளவு பேசும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பக்கத்தில் யாரோ அடிக்கடி சத்தம் போட்டார்கள். எட்டிப் பார்த்தேன். பூக்கடைக்காரர் தும்முகிறார்.'

அதற்குக் கீழே எனக்கு ஒரு வரி இருந்தது.

'நீ பாடுகிறாயா? வாய் அசையவில்லை. ஆனால் நீ பக்கத்தில் இருந்தால் விசைகள் மெதுவாக எரிகின்றன.'

வேலை பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டு முனகுகிற பழக்கம் எனக்கு உண்டு. எனக்கே அது நினைவில் இருக்காது. நாலு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு அந்த இரண்டு நாளில்தான் தெரிந்திருக்கிறது. நான் தலையை ஆட்டினேன். அவள் சிரித்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அக்கா அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஐந்தாறு வரிதான். எத்தனை தடவை வாசித்திருப்பாரோ தெரியாது. கடைசியில், என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"இதுல எதைன்னு தம்பி நான் அழிக்க?"

அன்று அங்கேயே உட்கார்ந்து நிரலை மாற்றி எழுதினார். செல்வியின் விசைப்பலகையும் நாலு பத்தி. இடது ஓரத்துப் பத்தி கவுண்டருக்கு. ஆள் வந்தால் அது மட்டும் சிவக்கும். மற்ற மூன்று பத்தியும் ஊருக்கு. பஸ், மழை, தும்மல், முனகல் எல்லாம் அதில் அவளுக்குப் பிடித்த நிறத்தில் ஓடும். எந்த நிறம் என்று அக்கா கேட்டார். செல்வி மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவைப் படத்தைக் காட்டினாள். அந்த நிறம் வருவதற்கு அக்கா அரைமணி நேரம் போராடினார். 'எதுக்கு?' என்று கேட்கவில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்கு நாங்கள் வெளியே போயிருந்தபோது ஒரு மாப்பிள்ளையின் பெரியப்பா ஆல்பம் வாங்க வந்திருக்கிறார். கவுண்டரில் நின்று செருமியதும் செல்வி எழுந்து வந்து, ரசீதைப் பார்த்து, ஆல்பத்தைக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கியிருக்கிறாள். போகும்போது அவர், நல்ல டீக்கடை எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் அவளுக்குக் காது கேட்காது என்பதே அவருக்குத் தெரிந்ததாம். அண்ணாச்சிக்குப் போன் போட்டு இதைச் சொன்னார். அண்ணாச்சி "அப்படியா சொல்லுதீய" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. கொஞ்ச நாளில், செருப்பைக் கழற்றிப்போடும்போது வேண்டுமென்றே தட்டித் தட்டிப் போட ஆரம்பித்தார்.

அக்கா இரண்டு வருடம் கழித்துக் கடையை மூடினார். அவர் கணவருக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல். அங்கேயே வீடும் அமைந்துவிட்டது. "அங்கன போய்ப் பைய ஒரு கடை பாத்துக்கிட வேண்டியதுதான்" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் எங்களிடம் சொல்லிக்கொள்ள ஸ்டுடியோவுக்கு வந்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போது செல்வி அக்காவின் முன்னால் வந்து நின்று, ஆட்காட்டி விரலால் தன் கீழுதட்டை உள்ளே தள்ளி, உடனே உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மறுபடியும் செய்தாள். அக்காவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"அது உங்க பேருக்கா" என்றேன்.

காது கேளாதவர்கள் பழகிய ஆட்களின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒருவரிடம் எது கண்ணில் படுகிறதோ அதையே பெயராக்கிவிடுவார்கள். அண்ணாச்சிக்கு, மோதிரத்தைத் திருகுவது. எனக்கு, சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பது. அக்காவுக்கு இது, ஸ்டுடியோவில் எங்கள் மூவருக்கும் பழகிப்போனது. எதையாவது கூர்ந்து வாசிக்கும்போது அவர் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாராம், விளங்கியதும் விட்டுவிடுவாராம்.

"நான் அப்படியா செய்யுதேன்?"

"நானும் கவனிச்சதில்லக்கா."

அக்கா வாசல் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு செய்து பார்த்தார். முதலில் விரல் கோணியது. செல்வி கையைப் பிடித்துச் சரிசெய்தாள். இரண்டாம் தடவை சரியாக வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணும் நிறைந்திருந்தது.

பேருந்து நிறுத்தம் எதிர்ச்சாரியில். செல்வியும் நானும் படியில் நின்றோம். அக்கா ரோட்டைக் கடந்து, கூட்டத்துக்குள் போய், பேருந்தில் ஏறுவதற்கு முன்னால் திரும்பினார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவ்வளவு பேர் நடுவிலும் விரலை உதட்டில் வைத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். செல்வி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் பின்வாசல் வழியாக உள்ளே வந்திருந்தார்.

"யாருலே போறது?" என்று கேட்டார்.

நான் திரும்பி, விரலைக் கீழுதட்டில் வைத்தேன்.

"அட, பாக்காமப் போச்சே" என்றபடி, அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார்.